பாப்பாவின் குடும்பப் பெயர்

மொத்தம் மூன்றே வாக்கியம். வணக்கம். என் குடும்பப் பெயர் இன்னது. என் பெயர் இன்னது. இதைச் சீன மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய் கொப்பளிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இந்த மூன்று வாக்கியத்தால் பாப்பாவின் வீட்டில் மூன்று நாளாக யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். அட்டைப்பெட்டி ஆலையில் பதினேழு வருஷமாகப் பஞ்சிங் மெஷின் ஓட்டுகிறாள். அட்டையைப் பெட்டியின் அளவுக்கு வெட்டி, மடிக்க வேண்டிய இடங்களில் கோடு அழுத்திக் கொடுக்கிற மெஷின். அதே ஆலையில் அவளுடைய அண்ணன் ஃபோர்மேன். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாற்பது பேர் முன்னால், "பாப்பா, இந்தப் பக்கம் வா" என்று அவர் கூப்பிட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து மானேஜருக்கும் அவள் பாப்பா, வாசல் காவலாளிக்கும் பாப்பா.

இப்போது சீனாவிலிருந்து புது மெஷின் வருகிறது. ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே ஒருவரை மூன்று மாதம் அங்கே அனுப்புகிறார்கள். போய் வருகிறவர் கையில் புது மெஷின். போகாதவர்கள், பழைய மெஷினைக் கழற்றுகிற அன்று பேஸ்டிங் மேசைக்குப் போய்ப் பசை தடவ வேண்டியதுதான். பாப்பா விண்ணப்பித்தாள். இன்று பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு.

வந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர். முதல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் வெறுமனே விட்டு வைத்திருந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல் அதில் அப்பாவின் பெயரை எழுதி அனுப்பிவிட்டார். மூன்று நாளுக்கு முன் அதன் நகல் அவளுடைய கணவர் கண்ணில் பட்டது.

"கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் உங்கப்பா பேருதானா?" என்றார். அதற்கப்புறம் அவர் பாப்பாவோடு பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் மகள் வழியாக அனுப்பினார்.

காலை ஏழரைக்கு மகள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னாள்.

"நின் ஹாவ். வோ ஷிங்..." என்று பாப்பா நிறுத்தினாள்.

"அந்த இடத்தை அப்பறம் பாத்துக்கலாம். அடுத்தது சொல்லு."

"வோ ஜியாவ்..."

"அய்யோ அம்மா! ஜியாவ்-வ மேலேருந்து கீழ தள்ளிவிடற மாதிரி சொல்லணும். நீ முதல்ல இறக்கி, அப்பறம் ஏத்தற."

"ஏத்தினா என்ன?"

"ஏத்தினா கால்னு அர்த்தம். என் பேர் இன்னதுன்னு சொல்றதுக்குப் பதிலா என் கால் இன்னதுன்னு சொல்ற."

"இத ஒரு வாரம் கழிச்சு, இன்டர்வியூ அன்னிக்குக் காலைல சொல்றியா?"

"எனக்கே நேத்துதான் தெரியும்."

பக்கத்து அறையில் கணவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடியை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதில் கெட்டிக்காரர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேய்ப்பார். அந்தப் பிடிவாதத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவதுதான் சிக்கல்.

"உங்கம்மாகிட்ட சொல்லு," என்றார் வாசலில் நின்று. "பெரிய இடத்துல பேசப் போறா. எடுத்ததும் நீன்னு ஆரம்பிச்சுடப் போறா. அவங்க வணக்கமே நீ ஹாவ்தானாம். கடைக்கு வந்தவர் சொன்னார்."

"அப்பா, சீன மொழிலயும் நீன்னா நீதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். மரியாதையா இல்லையே."

"மரியாதைக்கு நின். அம்மா நின் ஹாவ்னுதான் சொல்லப் போறா."

செருப்பை மாட்டினார். கதவைத் திறந்தார். மறுபடி திரும்பினார்.

"குடும்பப் பேரு என்ன சொல்லப் போறான்னு கேளு."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள் பாப்பா. "நேராவே கேக்கலாம்."

"கேக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு சொல்லு. ரேஷன் கார்டுல என் பேரு, வங்கிப் புத்தகத்துல என் பேரு. சீனாக்காரன் கேட்டா மட்டும் மாமனார் பேரு. நல்லா இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. மகள் அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்," என்றாள் பாப்பா. அங்கே மகள் ஒருத்திதான் இருந்தாள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

ஆலையில் அண்ணன் நுழைவாயிலிலேயே காத்திருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் அட்டைத் தூசி துடைக்கிற துணி. ஐம்பத்து நான்கு வயது. மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கத்தி மழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"மனசுல நிக்குதா?" என்றார்.

"நிக்குது."

"சொல்லு பாப்போம். வோ ஷிங்... சொல்லு. அப்பா பேரச் சொல்லு."

"அண்ணே, காலங்காத்தால ஆரம்பிக்காதே."

"ஃபாரத்துல இருக்கற மாதிரிதான சொல்லணும்? மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார்னு மாத்திச் சொன்னேன்னு வை, பொய்ன்னு நினைச்சுப்பாங்க."

"நீ எழுதாம இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல."

"வெறுங்கட்டமா அனுப்பினா திருப்பி அனுப்பிடுவான். உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்."

நல்லதுக்குத்தான் என்ற வார்த்தையைக் கேட்டாலே பாப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய நல்லதுக்குத்தான் அப்பா அவளைப் பத்தாவதோடு நிறுத்தினார். அவளுடைய நல்லதுக்குத்தான் கணவர், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலை வேலையை விட்டுவிடச் சொன்னார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

பத்து மணி வரை மெஷின் ஓட்டினாள். தாள் உள்ளே போகும்போது ஒரு தரம், வெளியே வரும்போது ஒரு தரம் என்று உதடு அசைந்தபடியே இருந்தது. வோ ஷிங். வோ ஜியாவ். பக்கத்தில் வெட்டிய அட்டையிலிருந்து கழிவை உரித்தெடுக்கிற பெண், "என்ன பாப்பாக்கா, ஜெபமா?" என்றாள். பாப்பா அடுத்த தாளைத் தள்ளினாள்.

பதினோரு மணி. மானேஜர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடித் தடுப்பு அறை. மேசைக்கு எதிரே பெரிய திரை. மெஷின் விற்கிற கம்பெனி அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். "பதறாதீங்க. அறிமுகம் மட்டும் நீங்க சீன மொழில சொல்லணும், மத்தத நான் பாத்துக்கறேன்," என்றாள்.

திரையில் இரண்டு பேர். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் அதிகாரி, வழுக்கைத் தலை எஞ்சினியர் ஒருவர். பெண் அதிகாரி சிரித்து, மெல்லக் கேட்டாள்.

"நின் குவெய் ஷிங்?"

உங்கள் குடும்பப் பெயர் என்ன? மரியாதையாகக் கேட்கிற முறை அது. மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"நின் ஹாவ்," என்றாள் பாப்பா. நன்றாகவே வந்தது. "வோ ஷிங்..."

கண்ணாடிக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாயை அகல அகலத் திறந்து, சத்தமில்லாமல், அப்பாவின் பெயரைச் சொல்லிக் காட்டினார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் கையையும் ஆட்டினார்.

அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பதினேழு வருஷத்தில் எத்தனை கத்தி மாற்றியிருக்கிறாள், எத்தனை தரம் விரல் நசுங்கியிருக்கிறது. அப்பாவும் பக்கத்தில் நிற்கவில்லை, கணவரும் நிற்கவில்லை. இப்போது ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பேரும் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டு இடம் கேட்கிறார்கள்.

அலைபேசியில் பாடம் படித்தபோது தானாக மனதில் நின்ற ஒரு சொல் இருந்தது. இல்லை என்பதற்கான சொல். மெய்யோ.

"வோ மெய்யோ ஷிங்," என்றாள் பாப்பா.

எனக்குக் குடும்பப் பெயர் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு படாரென்று திறந்தது.

"பாப்பா! என்ன சொல்ற? அப்பா பேரச் சொல்லு! பாப்பா!"

"அண்ணே, வெளிய போ!"

"பாப்பா, ஃபாரத்துல இருக்கு பாப்பா!"

மானேஜர் ஓடி வந்து அவரைத் தோளைப் பிடித்து இழுத்துப் போனார். கதவு மூடியது. திரையில் பெண் அதிகாரியின் புருவம் ஏறிப் போயிருந்தது. நீளமாக ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கேக்கறாங்க?"

"வந்தவர் யாருன்னு கேக்கறாங்க."

"என் அண்ணன்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னாள். மறுபடி ஒரு கேள்வி வந்தது.

"அண்ணன்னா, அவர் ஏன் உங்கள அப்பான்னு கூப்பிடறார்னு கேக்கறாங்க. சீன மொழில பாபான்னா அப்பா. பாப்பாவும் அவங்க காதுக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் விழும்."

பாப்பாவுக்குச் சிரிப்பதா, மேசையில் தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "எங்க மொழில பாப்பான்னா குழந்தைன்னு சொல்லுங்க. நாப்பத்திரண்டு வயசாகியும் இவங்க என்னை விடலைன்னும் சொல்லுங்க."

அது போய்ச் சேர்ந்ததும் பெண் அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். எஞ்சினியர் மட்டும் சிரிக்கவில்லை. நேராக வேலைக்கு வந்தார். வேகத்தைக் கூட்டும்போது தாள் இரட்டையாகப் போனால் என்ன செய்வீர்கள்?

"வேகத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி அட்டைல ஈரம் இருக்கான்னு தொட்டுப் பாப்பேன்," என்றாள். மேசையில் கிடந்த இரண்டு காகிதத்தை எடுத்து, எப்படி ஒட்டிக்கொள்ளும், எந்த ஓரத்தில் காற்று விட வேண்டும் என்று விரலால் செய்து காட்டினாள். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. எஞ்சினியர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து அவளுடைய விரலையே பார்த்தார். இன்னும் நான்கு கேள்வி கேட்டார். நான்குக்கும் சொன்னாள்.

முடிக்கும்போது பெண் அதிகாரி காகிதத்தைப் புரட்டி ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சாதாரணமாகத்தான் திருப்பிச் சொன்னாள்.

"உங்களுக்குக் குடும்பப் பேரு இல்லைன்னு சொன்னீங்க. ஆனா ஃபாரத்துல ஒரு பேரு இருக்கு. அதே பேருல உங்க ஆலைலேருந்து இன்னொரு ஃபாரமும் வந்திருக்காம். மூணு மணிக்கு அவருக்கு இன்டர்வியூ. அவர் உங்களுக்குச் சொந்தமான்னு கேக்கறாங்க."

பாப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அண்ணன் அங்கே இல்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் அவர் அகப்பட்டார். கிடங்கில், அடுக்கி வைத்த அட்டைக் கட்டுகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டியே. குடும்பப் பேரு இல்லைன்னு சொன்னா நம்மள என்னன்னு நினைப்பாங்க?"

"மூணு மணிக்கு யாருக்கு இன்டர்வியூ?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"கேக்கறேன்ல அண்ணே."

"எனக்குத்தான்."

"ஒரே ஒரு இடம். அதுக்கு நானும் போட்டிருக்கேன்னு தெரியும். தெரிஞ்சே நீயும் போட்டிருக்க."

"புது மெஷின் வந்தா ஃபோர்மேன் வேண்டாமாம். போன மாசமே மானேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டார். கத்துக்கிட்டு வந்தா இருக்கலாம், இல்லேன்னா..."

"போன மாசம்! ஒரு மாசமா தினமும் என்கூட நின்னு டீ குடிக்கிற. ஒரு வார்த்தை சொன்னியா?"

"உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? விலகியிருப்ப."

விலகித்தான் இருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. என் ஃபாரத்துல அப்பா பேர எதுக்கு எழுதின?"

"ரெண்டுலயும் ஒரே பேரு இருந்தா ஒரே வீடுன்னு தெரியும். ஒருத்தருக்கு இல்லேன்னாலும் இன்னொருத்தருக்குக் கொடுப்பாங்கன்னு..."

"அவங்க என்ன, வீட்டுக்கு ஒண்ணுன்னு பொட்டலமா கொடுக்கறாங்க? அதுக்காக மூணு நாளா என் வீட்டுக்காரர் சுவரப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கார். உனக்கு அறிவு இருக்கா அண்ணே?"

"இல்லதான்," என்றார் அவர்.

திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த மீதி வார்த்தைகள் எல்லாம் அந்த ஒரு பதிலில் நின்றுபோயின. அவர் மறுபடி கட்டின் மேல் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். சீன வாக்கியங்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாமல், அலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டு எழுதியதாம். மூன்றில் இரண்டு தப்பு.

"பாப்பா," என்றார். "இத எப்படிச் சொல்லணும்னு கொஞ்சம் சொல்லிக் கொடேன்."

"என்னது?"

"நீதான நல்லா சொன்ன. வெளியேருந்து கேட்டேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அட்டைக் கட்டையே தூக்கி எறிந்திருப்பாள், ஆனால் அது எண்பது கிலோ. கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு மணி ஆகியிருந்தது. வாழ்நாளில் அவர் யாரிடமும் எதையும் கற்றுக்கொடு என்று கேட்டு அவள் பார்த்ததில்லை.

"தள்ளி உக்காரு," என்றாள்.

ஒரு மணி நேரம். சொல்லிக் கொடுத்தாள், திட்டினாள், மறுபடி சொல்லிக் கொடுத்தாள். அவருக்கு மெதுவாகப் பேசவே வரவில்லை. முப்பது வருஷமாக மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய தொண்டை. வோ ஷிங் என்று அவர் சொன்னபோது கிடங்குக் கூரையில் இருந்த புறா பறந்தது.

"அண்ணே, அவங்க பக்கத்துல இருக்காங்க. சீனாவுக்கு இங்கேருந்தே கேக்கணும்னு இல்ல."

"சரி சரி."

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் கண்ணாடி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

கதவு திறந்தது. மொழிபெயர்ப்பாளர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, முதல் கட்டத்தில் இருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டாள்.

அப்பாவின் பெயர்.

அப்பா இறந்து பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் இப்படி, உள்ளே வாருங்கள் என்கிற குரலில், கூப்பிட்டதில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். இரண்டு பேருமே நடைவழியின் கோடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தண்ணீர்க் குழாய்தான் இருந்தது.

"சார், நீங்கதானே?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்," என்று அண்ணன் உள்ளே போனார்.

பாப்பாவின் அலைபேசி அடித்தது. கணவர். மூன்று நாளுக்குப் பிறகு நேராக அவளிடமே பேசினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்ன பேரு சொன்ன?"

"எந்தப் பேரும் சொல்லலைங்க. குடும்பப் பேரே இல்லைன்னுட்டேன்."

மறுமுனையில் கண்ணாடி தேய்க்கிற சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதையும் நிறுத்தினார்.

"அப்ப நாங்கல்லாம்?"

"இருக்கீங்களே. ஒருத்தர் விடாம இருக்கீங்க. அதான் தொல்லையே."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கோபமா, சிரிப்பா என்று பிரித்துத் தெரிந்துகொள்வதற்குள் கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது. அண்ணன் உள்ளே போய் நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை.

"உங்களையும் உள்ள கூப்பிடறாங்க," என்றாள் மொழிபெயர்ப்பாளர். அவள் முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

"அப்பறம் கூப்பிடறேங்க," என்று பாப்பா அலைபேசியை அணைத்தாள்.

உள்ளே அண்ணன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் அவருடைய காகிதம் கசங்கிக் கிடந்தது. திரையில் பெண் அதிகாரியும் எஞ்சினியரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"பாப்பா," என்றார், அவருக்கு வரவே வராத மெல்லிய குரலில். "நான் ஒண்ணு சொல்லிட்டேன். எனக்கு வேண்டாம், அந்த இடத்த உனக்கே குடுக்கச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதே."